நிழலுக்கு வைத்த பெயர்

தோசைக்கல்லில் மாவை ஊற்றிவிட்டுத் தவமணி சிங்க் பக்கம் திரும்பி நின்று இருமினாள். மார்கழியில் நத்தார்ப் பண்டிகையோடு வந்த இருமல் அது. மாசி பிறந்த பிறகும் போகவில்லை. மல்லித்தண்ணி குடித்தாள், மிளகைத் தேனில் குழைத்து நக்கினாள், பார்மஸியில் வாங்கிய பாணி மருந்திலும் இரண்டு போத்தல் முடிந்துவிட்டது.

"அம்மா, நீங்க இப்பிடி இருமினா வெடிங் வீடியோவில மேளமே கேக்காது," என்றாள் மகள் தேனுகா, தோசையைப் பிய்த்து வாயில் போட்டபடி. அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. காலையில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு நேரம் இருப்பதில்லை.

"உன்ர கலியாணம் ஆவணியில. அதுக்குள்ள நிண்டிடும்."

"நிக்காட்டி டிஜேக்குச் சொல்லுறன், மிக்ஸ் பண்ணி விடச்சொல்லி."

தவமணி சிரித்தாள். சிரிப்பு மறுபடி இருமலில் போய் முடிந்தது. மகள் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல அம்மாவைப் பின்னால் இருந்து கட்டிப்பிடித்து, கழுத்தில் மூக்கைப் புதைத்து ஒரு கொஞ்சல் கொஞ்சிவிட்டு ஓடினாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அது நடக்காமல் அந்த வீட்டில் ஒரு காலையும் தொடங்கியதில்லை.

கதவு சாத்திய பிறகுதான் தவமணி இருமித் துடைத்த ரிசுத் தாளை விரித்துப் பார்த்தாள். சளியோடு ஒரு சிவப்பு இழை இருந்தது. அதை மடித்துக் குப்பையில் முட்டைக்கோதுகளுக்கு அடியில் தள்ளினாள்.

அவளுடைய கணவன் சச்சிதானந்தன், காருக்கு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். கனடாவில் அவர்களுடைய வீடு இருந்த வோபர்ன் பகுதியில் தமிழ் டொக்டர்மாருக்குக் குறைவில்லை. ஆனால் அவர் குடும்ப டொக்டராகத் தேடிப் பிடித்தது றிச்சர்ட் என்ற வெள்ளைக்காரரை. "எங்கட ஆக்களிட்ட வருத்தத்தைக் கொண்டுபோறதும் றேடியோவில அறிவித்தல் குடுக்கிறதும் ஒண்டு," என்பார். அப்படி எந்தத் தமிழ் டொக்டரும் அவருடைய கதையை வெளியே சொன்னதில்லை. அது அவராகவே வளர்த்துக்கொண்ட பயம்.

இருமல் நிற்காததால் எக்ஸ்றே எடுத்த மறுகிழமை டொக்டர் றிச்சர்ட் இருவரையும் கூப்பிட்டார். தவமணிக்குக் கடைக்குப் போக, பஸ்ஸில் ஏற இங்கிலிஷ் காணும். டொக்டருடைய அறையில் அது போதாது. அது டொக்டருக்கும் தெரியும். அவர் மேசையில் இருந்த போனைக் காட்டி, "மொழிபெயர்ப்பாளர் ஒருவரை லைனில் எடுக்கட்டுமா? கட்டணம் எதுவும் இல்லை," என்று கேட்டார்.

"தேவையில்லை டொக்டர். நான் விளங்கப்படுத்துவன்," என்று சச்சிதானந்தன் அவசரமாகச் சொன்னார்.

போனில் வருவதும் ஒரு தமிழ்ப் பிள்ளைதானே. அது யாருடைய பிள்ளையோ, எந்தக் கோயிலுக்குப் போகிறதோ, யாருக்குத் தெரியும். இதுதான் அவருடைய கணக்கு.

டொக்டர் கணினித் திரையைத் திருப்பினார். விலா எலும்புகள் வெள்ளையாக வளைந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே இரண்டு பக்கமும் கறுப்பு. "காற்று நிறைந்த நுரையீரல் இப்படிக் கறுப்பாகத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் பேனையால் ஓர் இடத்தைக் காட்டினார். வலது பக்கம், காறை எலும்புக்குச் சற்றுக் கீழே, புகை படிந்ததுபோல ஒரு சின்ன வெண்மை.

"இதை நாங்கள் நிழல் என்று சொல்லுவோம். இது ஒரு வருத்தத்தின் பெயர் இல்லை. ஆறிக்கொண்டிருக்கும் நிமோனியாவாக இருக்கலாம். எப்போதோ வந்து மாறிய ஒன்றின் தழும்பாக இருக்கலாம். ரி.பி.யாக இருக்கலாம். ஒரு கட்டியாகவும் இருக்கலாம். எது என்று இந்தப் படத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியாது. சி.ரி. ஸ்கான் எடுக்க வேண்டும், சளியைச் சோதிக்க வேண்டும்."

டொக்டர் நான்கு காரணம் சொன்னார். சச்சிதானந்தனுடைய காதில் ஒன்றுதான் விழுந்தது.

அவருக்குக் கனகாம்பிகை என்று ஓர் அக்கா இருந்தாள். பத்தொன்பது வயதில் அவளுக்குக் கசம் வந்தது, ரி.பி.யை ஊரில் அப்படித்தான் சொல்லுவார்கள். ஆஸ்பத்திரியில் வைத்து மாற்றி, நல்ல சுகத்தோடுதான் வீட்டுக்கு விட்டார்கள். ஆனால் பேசி முடித்திருந்த கலியாணம் நின்றுபோனது. அதன் பிறகு பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை. அவள் தண்ணீர் குடிக்கும் மூக்குப்பேணி மட்டும் குசினியில் தனி ஆணியில் தொங்கியது. நாற்பது வருடம் கழித்து அவள் மாரடைப்பில் சாகும்வரைக்கும் அந்தப் பேணி அந்த ஆணியில்தான் தொங்கியது. தவமணி மருமகளாகப் போய் அந்த வீட்டில் இருந்த காலத்தில் அதைப் பார்த்திருக்கிறாள்.

"குடும்பத்தில் யாருக்காவது ரி.பி. இருந்ததா? இவருக்கு நிறை குறைந்திருக்கிறதா? இருமும்போது இரத்தம் வந்ததா?" என்று டொக்டர் கேட்டார்.

"இல்லை," என்றார் சச்சிதானந்தன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே இல்லை.

"என்னவாம்?" என்று தவமணி கேட்டாள்.

"சளி கட்டியிருக்காம்."

"ரத்தம் வந்தது எண்டு சொல்லுங்கோவன்."

சச்சிதானந்தன் அவளைத் திரும்பிப் பார்த்தார். "எப்ப?"

"போன கிழமையும் வந்தது, இண்டைக்கும் வந்தது. கொஞ்சம்தான். சட்டையெல்லாம் தொளதொளக்குது எண்டும் சொல்லுங்கோ."

டொக்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "என்ன சொல்கிறார்?"

"இருமல் மட்டும்தானாம்," என்று சச்சிதானந்தன் இங்கிலிஷில் சொன்னார்.

வெளியே காருக்குள் ஏறியும் அவர் எஞ்சினை இயக்கவில்லை. முன்கண்ணாடியில் பனி மூடியிருந்ததால் ஆட்கள் போவது வருவது தெரியவில்லை.

"இஞ்சாரும் தவம். கலியாணம் முடியட்டும். பிறகு எல்லாச் சோதினையும் செய்வம். இது குளிசை குடிச்சா மாறுற வருத்தம்தான்."

"எந்த வருத்தம்?"

அவர் பெயரைச் சொல்லவில்லை. "இப்ப போனா அரசாங்க நேர்ஸ்மார் வீட்டுக்கு வருவினம். ஆர் ஆரோட பழகினது எண்டு கேட்டு எல்லாரையும் கூப்பிட்டுச் சோதிப்பினம். மாப்பிள்ளை வீட்டுக்கும் போவினம். பிறகு ஆவணியில கலியாணம் நடக்குமோ? நீரே சொல்லும்."

 அன்றைக்குப் பின்னேரம் சச்சிதானந்தனே தேத்தண்ணி போட்டார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து அவர் தேத்தண்ணி போட்டது அபூர்வம். தனக்கு வழக்கமான கோப்பையில் ஊற்றினார். அவளுக்கு, அலுமாரியின் பின்பக்கத்தில் கிடந்த ஒரு சிவப்புக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் அதைத் தனியாகக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைத்தார்.

அவர் சொல்லாமல் விட்ட பெயரைத் தவமணி அந்தக் கோப்பையில் தெரிந்துகொண்டாள்.

அவள் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. மகளுடைய கலியாணம் நடக்க வேண்டும் என்பதில் அவளுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருக்கவில்லை. ஸ்கானுக்கு நாள் குறித்து கிளினிக்கில் இருந்து போன் வந்தபோது, மனைவி தம்பியைப் பார்க்க லண்டன் போய்விட்டாள் என்று சச்சிதானந்தன் சொன்னார். மறுபடி வந்தபோது, இன்னும் வரவில்லை, வந்ததும் நானே எடுக்கிறேன் என்றார். அவர்கள் மேலும் இரண்டு தரம் எடுத்தார்கள். அந்த இலக்கத்தில் இருந்து வந்த போனை அவர் எடுக்கவே இல்லை.

சிவப்புக் கோப்பையில் குடித்த மறுநாள் காலை தேனுகா பின்னால் வந்து கட்டிப்பிடிக்கக் கையை நீட்டியபோது, தவமணி விலகி ஃபிரிட்ஜைத் திறந்தாள். "கையெல்லாம் மா பிள்ளை."

அதற்கடுத்த நாள் எண்ணெய் தெறிக்கும் என்றாள். அதற்கடுத்த நாள் நேரம் போகுது, ஓடு என்றாள். பிறகு மகள் வரும் நேரத்தில் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளப் பழகினாள். படுக்கையையும் பேஸ்மென்ற் அறைக்கு மாற்றிக்கொண்டாள். அப்பாவின் குறட்டை தாங்க முடியவில்லை என்று மகளுக்குக் காரணம் சொன்னாள்.

"அப்பா, அம்மாவுக்கு என்னோட ஏதும் கோவமோ?" என்று தேனுகா ஒருநாள் கேட்டாள். "ஐ மீன், பிரியந்தனை அவவுக்குப் பிடிக்கேல்லையோ?"

"சும்மா இரும் பிள்ளை. கலியாண வீட்டு அலைச்சல். வேறென்ன."

சித்திரையில் சம்பந்தி வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளை பிரியந்தனின் தகப்பன் நவரட்ணம், மல்வேர்ன் பகுதியில், வரிசையாக ஒட்டிக் கட்டிய ரவுன்ஹவுஸ் ஒன்றில் இருந்தார். பகிடி விடாமல் ஒரு வசனம் பேசத் தெரியாத மனிதர்.

"அண்ணை, மண்டபக்காரன் எழுநூறு பேருக்குச் சாப்பாடு எண்டுறான். எனக்கு எழுநூறு பேரைத் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களில கொஞ்சப் பேரைக் கடனாத் தாங்கோ," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். தேத்தண்ணித் தட்டு வந்தது. தவமணி தட்டைத் தொடாமல், தன் ஹான்ட்பாக்கைத் திறந்து சிவப்புக் கோப்பையை வெளியே எடுத்தாள். "எனக்குச் சுடுதண்ணி மட்டும் காணும். தொண்டை சரியில்லை. உங்கட கோப்பையளை ஏன் பாழாக்குவான்."

நவரட்ணத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் அந்தக் கோப்பையைப் பார்த்தார், தவமணியின் முகத்தைப் பார்த்தார், ஏதோ கேட்க வாயெடுத்தார். பிறகு, "ஓம், ஓம், அதுக்கென்ன," என்று எழும்பித் தானே போய்ச் சுடுதண்ணி கொண்டுவந்து ஊற்றினார். அதற்குப் பிறகு அன்று அவர் பகிடி விடவில்லை. சச்சிதானந்தன் அதைக் கவனித்தார். தேத்தண்ணியை அவசரமாகக் குடித்துவிட்டு, நேரம் போகுது என்று எழும்பினார்.

ஆவணி வந்தது. தவமணியின் கலியாணச் சேலை பிளவுஸை மூன்று தரம் பிடித்துத் தைக்க வேண்டியிருந்தது. முதுகிலும் தோளிலும் நோ இருந்தது. வேலை செய்த உளைவு என்று சொல்லித் தைலம் பூசினாள். ஆறேழு மாதம்தானே, முடிந்ததும் குளிசை குடித்து மாற்றிக்கொள்ளலாம் என்று இருவரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கைதான் அந்த வீட்டை அதுவரை நடத்தியது.

மேளம் முழங்கத் தாலி கட்டியாயிற்று. வந்தவர்கள் அறுகரிசி போட்டு வாழ்த்திவிட்டுப் போனார்கள். கடைசியில் மகள் புருஷனோடு புறப்படும் நேரம் வந்தது. தேனுகா கூறைச்சேலையோடு வந்து அம்மாவுக்கு முன்னால் நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள்.

தவமணி கைலேஞ்சியால் வாயை மூடிக்கொண்டு, கையை முழு நீளத்துக்கு நீட்டி, மகளின் தலையில் வைத்தாள். வைத்துவிட்டுப் பின்னால் ஓர் அடி போனாள்.

"அன்ரி, கொஞ்சம் கிட்ட வாங்கோ. பிள்ளையைக் கட்டிப்பிடியுங்கோ," என்றான் படப்பிடிப்பாளன்.

"காணும் தம்பி. இப்பிடியே எடும்."

தேனுகாவின் விரித்த கைகள் மெல்லக் கீழே இறங்கின. அவள் அழுதாள். மகள் பிரிந்துபோகிற அழுகை என்றுதான் மண்டபத்தில் எல்லோரும் நினைத்தார்கள். படம் அப்படியே பதிவானது. தாய்க்கும் மகளுக்கும் நடுவில் ஒரு கை நீளம் இடைவெளி.

கலியாணத்தின் நாலாம் நாள் சடங்கு முடிந்த அடுத்த நாள் தவமணியால் படுக்கையை விட்டு எழும்ப முடியவில்லை. சச்சிதானந்தன் அவளை டொக்டர் றிச்சர்டிடம் கொண்டுபோனார். டொக்டர் திட்டவில்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். ஸ்கான் எடுத்தார்கள், சளி எடுத்தார்கள், ஊசியால் குத்தி ஒரு துண்டு சதையும் எடுத்துச் சோதித்தார்கள். பிறகு ஒருநாள் மீண்டும் அதே அறையில் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை டொக்டர் கேட்கவில்லை. தானே போனை எடுத்து மேசையில் ஸ்பீக்கரில் வைத்தார்.

"வணக்கம் அம்மா," என்றது ஓர் இளம் பெண்ணின் குரல். தன் பெயரைச் சொல்லவில்லை, இவர்களுடைய பெயரையும் கேட்கவில்லை. தன் மொழிபெயர்ப்பாளர் இலக்கத்தை மட்டும் சொன்னது. "நீங்கள் சொல்லுறதை அப்பிடியே டொக்டருக்குச் சொல்லுவன். அவர் சொல்லுறதை அப்பிடியே உங்களுக்குச் சொல்லுவன். நானா ஒண்டும் கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். இதில கதைக்கிறது இதுக்கு வெளியில போகாது."

சச்சிதானந்தன் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

டொக்டர் இரண்டு படங்களைத் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று மாசியில் எடுத்தது. மற்றது இப்போது எடுத்தது. படிக்கத் தெரியாதவருக்கும் வித்தியாசம் தெரிந்தது. காறை எலும்புக்குக் கீழே இருந்த அந்தச் சின்னப் புகை இப்போது ஒரு கைப்பிடி அளவுக்கு வளர்ந்து நின்றது.

"அம்மா, டொக்டர் சொல்லுறார்," என்றது குரல். "உங்களுக்கு ரி.பி. இல்லையாம். சளியிலயும் இல்லை, சதையிலயும் இல்லை. இது நுரையீரல் புற்றுநோயாம். முள்ளந்தண்டு எலும்புக்கும் ஈரலுக்கும் பரவியிட்டுதாம். முழுசா மாத்த ஏலாதாம். நோவைக் குறைக்கவும் கொஞ்சக் காலம் கூட்டித்தரவும் மருந்து இருக்காம்."

"நான் சிகரெட்டைக் கையாலயும் தொட்டதில்லையே," என்றாள் தவமணி.

குரல் அதைச் சொன்னது. பதிலையும் சொன்னது. "தொடாத ஆக்களுக்கும் வரும் எண்டு சொல்லுறார் அம்மா."

சச்சிதானந்தன் வறண்ட குரலில் இங்கிலிஷில் கேட்டார். "மாசியிலயே ஸ்கான் எடுத்திருந்தா?"

டொக்டர் மாசியில் எடுத்த படத்தைத் திரும்பிப் பார்த்தார். "நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் அப்போது அது சின்னது. ஒப்பரேஷன் செய்து எடுக்க ஒரு நல்ல வாய்ப்பு இருந்திருக்கும்." பிறகு மெதுவாகச் சேர்த்துச் சொன்னார். "ரி.பி.யாக இருந்திருந்தாலும் பிந்தியது சரியில்லை, சச்சி. வீட்டில் இருந்த எல்லோருக்கும் தொற்றியிருக்கலாம்."

குரல் இதையும் ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல் தவமணிக்குச் சொன்னது. தவமணி கணவனைப் பார்க்கவில்லை. போனுக்குப் பக்கத்தில் குனிந்து, யாரோ சொந்தப் பிள்ளையிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

"பிள்ளை, டொக்டரைக் கேளும். இது ஒருதரில இருந்து ஒருதருக்குத் தொத்துமோ?"

"தொத்தாதாம் அம்மா."

"அப்ப நான் என்ர பிள்ளையைக் கட்டிப்பிடிச்சிருக்கலாமோ? கலியாணத்தண்டு?"

 அந்தக் குரல் அதை இங்கிலிஷில் கேட்டது. கேட்கும்போது அது முதல் தடவையாகத் தடுமாறியது. டொக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஓம் அம்மா," என்றது குரல். "கட்டிப்பிடிச்சிருக்கலாமாம்."

அன்று பின்னேரமே தேனுகா வந்தாள். தகப்பன் வாசலில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். சிவப்புக் கோப்பையைப் பற்றியும் சொன்னார்.  அவள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய் அம்மாவைக் கட்டிப்பிடித்தாள். தவமணியின் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. எலும்புக்குள் இறங்கிய வருத்தம் அந்த அணைப்பைத் தாங்கவில்லை.

தேனுகா கையை எடுத்தாள். "சொரி அம்மா, சொரி. நோகுதா?"

"நோகுதுதான். நீ விடாதை," என்றாள் தவமணி.

ஆனால் மகளால் பிடிக்க முடியவில்லை. பக்கத்தில் படுத்து, அம்மாவின் சுண்டுவிரலை மட்டும் பிடித்துக்கொண்டு கிடந்தாள்.

செய்தி கேட்டு நவரட்ணம் தனியாக வந்தார். ஹோலில் சச்சிதானந்தனுக்கு முன்னால் உட்கார்ந்து, நெடுநேரம் தன் தொப்பியை மடித்து விரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, சித்திரையில அக்கா ஹான்ட்பாக்கில இருந்து கோப்பையை எடுக்கேக்கையே எனக்கு விளங்கினது, என்ன நினைச்சுக்கொண்டு இருக்கிறியள் எண்டு. எனக்கு அது வந்தது. கனடாவுக்கு வந்த புதுசில, பார்க்டேலில ஒரு அறையில ஆறு பேரா இருக்கேக்க. ரி.பி. நேர்ஸ் ஒருத்தி வந்து குளிசை தருவா. மாறிப்போச்சு. நானும் அப்ப தனிக் கோப்பை வைச்சிருந்தன். அவதான் அதைப் பார்த்துச் சிரிச்சவ. கோப்பையால இது பரவாது மிஸ்டர், மூச்சுக் காத்தாலதான் பரவும், குளிசையை ஒழுங்காக் குடி எண்டு."

"அப்ப நீங்கள் அண்டைக்கு ஏன் ஒண்டும் சொல்லேல்லை?" என்று சச்சிதானந்தன் கோபத்தோடு கேட்டார்.

"என்ர மனுசிக்கே தெரியாது அண்ணை. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பினமோ எண்டு பயந்தன்." நவரட்ணம் நிமிர்ந்து பார்த்தார். "நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

 ஒருவருக்கு ஒருவர் பயந்து வாயை மூடிக்கொண்ட இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பெண் செத்துக்கொண்டிருந்தாள்.

ஐப்பசி நடுவில் தவமணிக்குக் கட்டிலே உலகமாயிற்று. சொந்தக்காரர் போன் எடுக்கும்போதெல்லாம், "கொஞ்சம் சுகமில்லை, களைப்பு," என்று சச்சிதானந்தன் பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் மனைவி கையசைத்து அவரைக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. கேக்கிற ஆக்களுக்குப் பேரைச் சொல்லுங்கோ."

"எந்தப் பேரை?"

"என்ர வருத்தத்தின்ர பேரை. நீங்கள் ஒரு பேரை ஒளிச்சியள். அது என்ர வருத்தமே இல்லை. இதையாவது ஒளிக்காதையுங்கோ."

அந்த நேரம் போன் அடித்தது. அவருடன் தொழிற்சாலையில் வேலை செய்யும் சசிகரன். "என்னண்ணை, ரெண்டு கிழமையாக் காணேல்லை. அக்காவுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு இருமினான். "இது ஒண்டுமில்லை அண்ணை, குளிருக்கு. டொக்டர் எக்ஸ்றே எடுக்கச் சொன்னவர். நான்தான் போகேல்லை. எங்கட ஆக்கள் எக்ஸ்றே எண்டாலே ஒரு கதை கட்டுவினமே."

சச்சிதானந்தன் அறைக்கதவை அகலத் திறந்து வைத்தார். உள்ளே கிடப்பவளுக்குக் கேட்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னார்.

"சசி, அவவுக்கு நுரையீரல் கான்சர். கேட்டுக்கொண்டிரு. மாசியில படத்தில ஒரு நிழல் வந்தது. அது நாலு விதமாயும் இருக்கலாம் எண்டு டொக்டர் சொன்னவர். நான் எனக்குப் பயமான ஒண்டைத் தெரிஞ்செடுத்துப் பேர் வைச்சன். அதை ஊருக்கு ஒளிக்கிறன் எண்டு டொக்டருக்கும் ஒளிச்சன். அவ சொன்ன வாயை நான் மூடினன். நிழலுக்குப் பேர் வைக்கிறது எங்கட வேலை இல்லையடா. டொக்டர் கேக்கிறதுக்கு எல்லாம் உண்மையைச் சொல்லுறதுதான் எங்கட வேலை. நாளைக்கே போய் எக்ஸ்றேயை எடு. என்ன வருத்தம் வந்தாலும் அது வெக்கம் இல்லை. ஒளிக்கிறதுதான் ஆளைக் கொல்லும். இஞ்ச அதுதான் கொல்லுது."

 அறைக்குள் தவமணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்து மேசையில், குடிக்க முடியாமல் ஆறிப்போன தேத்தண்ணியோடு, அந்த வீட்டில் எல்லோரும் குடிக்கும் வெள்ளைக் கோப்பை ஒன்று இருந்தது.